வீடும் வெளியும்

தெமோதரையைக் கடந்து, உடுவரை, ஹாலிஎல வழியாகப் பதுளைக்குச் செல்லும் புகையிரதத்திலிருந்து வெளியே நோக்குவார் யாவரும் காணும் காட்சி ஒன்றுண்டு. மலைச்சரிவெங்கும் தேயிலை; இடையிடையே லயங்கள்; அவற்றின் அருகே சிறியதொரு சமதரை. அச்சமதரையே தோட்டத்து மைதானம். பழைய லயங்களை நீக்கிப் புதிய வீடுகள் எழுப்பவேண்டும் என்னும் முயற்சி வளர்ந்துவரும் இந்நாளில், வீட்டுக்கு நிலம் தேடுவோர் பார்வை இம்மைதானங்களின்மீது விழுதல் இயல்பே. முதியோர்க்கு வீடு வேண்டுமா, ஊர்க்குப் பொதுவெளி வேண்டுமா என்னும் வினாவை நடுநிலை நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் முதியோர் நிலையை நோக்குவோம். லயத்துக் காம்பரா ஒன்றில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் படுத்தபின் எஞ்சும் மூலையே, ஓய்வுபெற்ற தாய்தந்தையர்க்கு உரியதாகின்றது. தோட்டத் தொழிலாளர்க்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியும், 1983ஆம் ஆண்டின் சட்டத்தின்படி கிடைக்கும் பணிக்கொடையும் ஒருமுறையே கைக்கு வருவன. வந்த பணம் பிள்ளைகளின் திருமணத்திலும் பழைய கடனிலும் கரைந்துபோதல் பலர் அறிந்ததே. தம் பணத்தால் வீடு கட்டும் வலிமை இவர்க்கில்லை. ஆயுள் முழுவதும் மலையேறிக் கொழுந்தெடுத்தவர்க்குச் சிறு வீடேனும் அமைத்தல், அவ்வுழைப்பால் வளர்ந்த நாடு தீர்க்கவேண்டிய கடனாகும்.

நிற்க. வீடு கட்டுதற்கு மைதானத்தை நாடுவோர் கூறும் காரணங்களையும் புறக்கணித்தல் தகாது. மைதானத்தில் மண்வெட்டிச் சமன்செய்யும் செலவில்லை; பாதையும் அண்மையிலுண்டு. சரிவிற் கட்டினால் மண்சரிவு அச்சம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்த கொடுமையை ஊவா மக்கள் மறந்திலர். 2025 நவம்பரில் வந்த டித்வாச் சூறாவளியும் பதுளை மாவட்டத்தில் அவ்வச்சத்தைப் புதுப்பித்தது. எனவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒப்புதலின்றிச் சரிவில் வீடமைத்தல் பிழையாகும். பயிர்நிலமோ 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் உள்ளது. இந்நிலையில், கேட்பாரற்றுக் கிடப்பதுபோலத் தோன்றுவது மைதானம் ஒன்றே.

ஆயினும் அது வெற்றுநிலமன்று. பிள்ளைகள் பந்தாடுவதும், மாசி பங்குனியிற் காமன் கூத்து நிகழ்வதும், திருவிழாக் காலத்தில் மக்கள் கூடுவதும் இத்தகைய வெளியிலேயே. மாலை வேளையிற் காம்பராவின் புகையினின்று நீங்கி முதியோர் காற்று வாங்குவதும் அங்கேதான். சரிவு அச்சம் தோன்றும் மழைநாளில் ஊரார் ஒதுங்குதற்கும் அதனின் வேறு சமதரை இல்லை. ஆகவே மைதானத்தை இழப்போருள் முதியோரும் அடங்குவர்.

இனிக் கணக்கை நோக்குவோம். ஓர் ஏக்கர் நிலம் 160 பேர்ச் கொண்டது. முழு அளவான உதைபந்தாட்டத் திடல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஏக்கர், அதாவது 280 பேர்ச். முன்னைய திட்டங்களின்படி வீட்டுக்கு 7 பேர்ச் ஒதுக்கினால் 40 வீடுகள். இந்திய உதவியுடன் அமையும் பத்தாயிரம் வீட்டுத் திட்டத்தின்படி 10 பேர்ச் ஒதுக்கினால் 28 வீடுகள். பாதைக்கும் வடிகாலுக்கும் இடம் விட்டால் இத்தொகை இன்னுங் குறையும். தோட்டத்து மைதானம் பலவும் இவ்வளவு பெரியனவுமல்ல. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் தோட்டத்தில், சில குடும்பங்களின் குறையைத் தீர்க்க எல்லாக் குடும்பங்களின் வெளியும் என்றைக்குமாக அழிந்துவிடும்.

இவ்விடர் நமக்கே உரியதன்று. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், எலிசபெத் தெருத் தோட்டம் என்னும் சிறு வெளியில் முதியோர்க்கு 123 மலிவு வீடுகள் கட்ட நகராட்சி முனைந்தது. அயலார் எதிர்த்தனர், பல்லாண்டு வழக்கு நடந்தது. 2025 யூன் மாதத்தில் நகராட்சி அத்திட்டத்தைக் கைவிட்டு, அயலிலுள்ள வேறு மூன்று இடங்களில் 620க்கு மேற்பட்ட மலிவு வீடுகளுக்கு வழிசெய்வதாக அறிவித்தது. தகராறு அத்துடன் முற்றாக ஓய்ந்ததென்று நாம் கூறவில்லை. அறிவித்த வீடு கட்டப்பெறும்வரை முதியவர் காத்திருக்கவே வேண்டும் என்பதும் உண்மை. எனினும் மாற்றிடம் உண்டோ என்று முதலிலேயே தேடியிருப்பின் வீணாய்ப்போன ஆண்டுகள் மிஞ்சியிருக்கும் என்பது நமக்குப் பாடமாகும்.

அப்பாடத்தை நம் தோட்டங்களுக்குப் பொருத்துங்கால் ஓர் ஒழுங்கு புலப்படும். முதலாவது, இடிந்தும் ஆளற்றும் கிடக்கும் லயங்களின் நிலம். ஆபத்தற்றதென்று ஆராய்ந்து கண்டபின், அங்கே படியேற்றமில்லாத சிறு வீடுகளை முதியோர்க்கு அமைக்கலாம். கோயிலும் மருந்தகமும் உறவினரும் அண்மையிலிருப்பர். இரண்டாவது, பயனொழிந்த கட்டடங்களின் நிலம். மூன்றாவது, கைவிடப்பட்ட தேயிலை நிலத்துள் பாதுகாப்பானதென்று சான்று பெற்ற பகுதி. இம்மூன்றும் இல்லாதவிடத்தே மைதானத்தைப்பற்றிப் பேசுதல் முறை. அப்போதும் ஈடான வேறொரு சமதரையை முன்னரே திருத்திக் கொடுத்தல் வேண்டும். முதியோர் வீடு மைதானத்தின் ஓரத்தில் அமைவது சிறப்பு. மைதானத்தின்மேல் அமைவது இருவர்க்கும் இழப்பு.

இதற்குச் சட்டவழியும் முன்னைப்போல் அடைபட்டிருக்கவில்லை. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணஞ்செலவிடத் தடையாயிருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பெற்றது. அவ்வாண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் சட்டத்தால் நிறுவப்பெற்றது. எனவே வீட்டுத்திட்டம் வரையும்போதே மைதானத்தையும் நில அளவைப் படத்திற் பொதுவெளியென்று குறித்துவிடுமாறு கேட்டல் இயலும்.

கேட்பவர் யார்? லயத்து விளக்கொளியிற் படித்து இக்கல்லூரி வாயிலாக உயர்ந்த பழைய மாணவருள் நில அளவையாளர், பொறியியலாளர், சட்டத்தரணிகள் பலருளர். ஒவ்வொருவரும் தாம் பிறந்த தோட்டத்துக்கு ஒருமுறை சென்று, ஆளற்ற லயங்கள் எத்தனை, தனித்து வாழும் முதியோர் எத்தனைபேர், மைதானத்தின் அளவென்ன என்று எழுதிக்கொண்டு வருவாராயின், வீட்டுத்திட்டம் வரைவோர்முன் வைத்தற்கு வேண்டிய ஆதாரம் கைக்கு வந்துவிடும். இன்று கற்கும் மாணவரும் அதிற் பங்குகொள்ளலாம். வெள்ளிவிழாவும் பொன்விழாவும் கொண்டாடும் நாம், நம்மை வளர்த்த முதியோர்க்கு ஒரு கூரையும், நாம் ஓடியாடிய நிலத்தில் நம் பின்னோர்க்கும் இடமும் தேடிக்கொடுத்தல் கடனன்றோ?