அரசிதழ் எழுதிய கார்கள்

ஒரு முகூர்த்த நாளில் அம்மையார்குப்பம் பக்கம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்து வாசலைப் பார்த்தால் போதும், இந்த வட்டாரக் குடும்பங்கள் எப்படிப்பட்ட காருக்கு ஆசைப்படுகின்றன என்று தெரிந்துவிடும். டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்ந்த கார்கள் குறைந்துவிட்டன. உயரமாக நிற்கும் சின்ன எஸ்யூவிகள்தான் வரிசை கட்டுகின்றன. நம்பர் பலகையில் டி.என். 20 இருக்கும்; எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து வந்த சொந்தக்காரர் வண்டி என்றால் ஏ.பி. 39 இருக்கும். மாநிலம் எதுவானாலும் இவற்றில் பல வண்டிகள் பிறந்தது நம் பக்கத்தில்தான். ஹூண்டாய் கிரெட்டா ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், ரெனோ டஸ்டர் ஒரகடத்தில், ஃபோர்டு எக்கோஸ்போர்ட் மறைமலைநகரில்.

இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் இடைவிடாமல் தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. அதனால் அதையே பிடித்துக்கொண்டு, ஒரு காரின் ‘தலைமுறை’ என்றால் என்ன, பழைய வண்டி வாங்கப் போகிறவர் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று பேசலாம். மற்ற இரண்டும் நடுநடுவே வரும்.

விற்பவர்கள் ‘பழைய ஷேப்’, ‘புது ஷேப்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தறிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்: அதே பாவை வைத்துக்கொண்டு ஊடை நிறத்தை மாற்றினாலும் கடையில் அது புதுப் புடவைதான், ஆனால் அது தறியை மாற்றியதாகாது. காரில் விளக்கு, முன்பக்க கிரில், பம்பர், உள்ளே திரை ஆகியவற்றை மாற்றுவது முதல் வகை. அடித்தளம், உடற்கூடு, என்ஜின் குடும்பம் மாறினால்தான் தலைமுறை மாறியதாக அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எண் உதவும். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ். பம்பரை நீட்டினால் வண்டியின் நீளம் கூடிவிடும். வீல்பேஸை மாற்ற வேண்டுமானால் அடித்தளத்தில் கைவைத்தாக வேண்டும்.

2015 ஜூலையில் வந்த முதல் கிரெட்டாவின் நீளம் 4,270 மில்லிமீட்டர், வீல்பேஸ் 2,590. 2018-ல் முகத்தைத் திருத்தி, கூரையில் சன்ரூஃப் வைத்துக் கொடுத்தார்கள். வீல்பேஸ் அதே 2,590. 2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாட்கள் முன்னால் வந்த வண்டியில் அது 2,610. அது இரண்டாம் தலைமுறை. 2024 ஜனவரியில் முகமே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறி, நீளம் 4,330 ஆகி, வேறு காரோ என்று நினைக்க வைத்தது; வீல்பேஸ் மட்டும் 2,610-லேயே நின்றது. 2025 ஜனவரியில் வந்த மின்சாரக் கிரெட்டாவுக்கும் அதே 2,610தான். ஆக, தெருவில் ஐந்து விதமான கிரெட்டா ஓடினாலும் எலும்புக்கூடு இரண்டுதான்.

டஸ்டர் கதை இதற்கு நேர்மாறு. 2012 ஜூலையில் இந்தியாவுக்கு வந்த அந்த வண்டி 2016-லும் 2019-லும் முகம் திருத்திக்கொண்டது. உலகச் சந்தையில் 2017-ல் இரண்டாம் தலைமுறையும் 2023-ல் மூன்றாம் தலைமுறையும் வந்தன. ஒரகடத்தில் 2022 வரை இறங்கிக்கொண்டிருந்தது முதல் தலைமுறையே. 2021 மாடல் டஸ்டர் ஒன்றை ‘லேட்டஸ்ட்’ என்று சொல்லி யாராவது விற்றால் அது பொய்யல்ல, ஆனால் எலும்பு 2010-ஐச் சேர்ந்தது.

இங்கே ‘எஸ்யூவி’ என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பொலேரோ போன்ற வண்டிகளில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் அடியில் தனியாக இருக்கும். உடல் அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். நாம் பேசும் சின்ன எஸ்யூவிகளில் அப்படிச் சட்டம் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடு. டஸ்டர் லோகன் காரின் அடித்தளத்திலிருந்து வந்தது, எக்கோஸ்போர்ட் ஃபியஸ்டாவின் அடித்தளத்திலிருந்து. நேர்மையாகச் சொன்னால் இவை உயர்த்திக் கட்டிய குடும்பக் கார்கள். டஸ்டரில் சில வகைகளுக்கு மட்டும் நாலு சக்கர இழுவை உண்டு. மற்றபடி முன்சக்கரம்தான் இழுக்கும். வயலுக்குள் இறக்கலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே 190 முதல் 205 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் வேகத்தடையில் அடி தட்டாது. முழங்கால் வலிக்காரப் பாட்டி குனியாமல், ஏறாமல் நேராக உட்கார்ந்துகொள்ளலாம். இந்த வண்டிகள் விற்றதற்கு அந்தப் பாட்டி பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, தலைமுறை ஏன் மாறுகிறது? கம்பெனிக்காரர்கள் வடிவமைப்பு, புதுமை என்று பேசுவார்கள். இந்தியாவில் ஓடும் சின்ன எஸ்யூவியைப் பிரித்துப் பார்த்தால், அதன் பாதிப் பாகங்களை வடிவமைத்தது அரசிதழ் என்றுதான் தோன்றுகிறது.

வரியிலிருந்து தொடங்கலாம். 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். எக்கோஸ்போர்ட் 3,999 மில்லிமீட்டரில் நின்றது இதனால்தான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2013-ல் வந்தபோது அதன் 1 லிட்டர் பெட்ரோலுக்கும் 1.5 லிட்டர் டீசலுக்கும் சலுகை கிடைத்தது. அதே உடலில் இருந்த 1.5 லிட்டர் பெட்ரோலுக்குக் கிடைக்கவில்லை. நீளம் சரி, என்ஜின் பெரிது.

அதே 2013-ல் சிதம்பரமே எஸ்யூவிகளுக்கான கலால் வரியை 27-லிருந்து 30 ஆக ஏற்றினார். எது எஸ்யூவி என்பதற்கு மூன்று அளவுகள் சொல்லப்பட்டன: 4 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சிசிக்கு மேல் என்ஜின், 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி வந்து, 2017 செப்டம்பரில் கூடுதல் வரி திருத்தப்பட்டபோதும் இந்த அளவுகோல் தொடர்ந்தது. மூன்றையும் தாண்டிய வண்டிக்கு மொத்தம் 50 சதவீதம். என்ஜின் 1,500 சிசிக்குள் அடங்கிவிட்டால் 45.

இப்போது கிரெட்டாவுக்கு வருவோம். முதல் தலைமுறையில் 1.4 லிட்டர் டீசல், 1.6 லிட்டர் டீசல், 1.6 லிட்டர் பெட்ரோல் என்று மூன்று என்ஜின்கள். பெரிய டீசலுக்கு 128 குதிரைத்திறன். இரண்டாம் தலைமுறையில் 1.5 பெட்ரோல், 1.5 டீசல், 1.4 டர்போ பெட்ரோல். டீசலின் திறன் 115 ஆகக் குறைந்தது. புதுத் தலைமுறை என்றால் திறன் கூட வேண்டாமா? ஒரு என்ஜினும் 1,500 சிசியைத் தாண்டவில்லை என்பதைக் கவனித்தால் கணக்கு புரியும். வரி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். புகை விதிக்காக என்ஜின்களை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் நாடே எஸ்யூவி என்று அழைத்த வண்டி, அந்த மூன்று அளவுகளையும் ஒருசேரத் தாண்டாததால், வரிச் சட்டத்தின் கண்ணில் எஸ்யூவி ஆகவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு 18, மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம் என்று ஆனபின் அந்த நடுப்படி போய்விட்டது; 4 மீட்டர் கோடு அப்படியே இருக்கிறது.

புகை விதிதான் அதைவிடக் கடுமையாக அடித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6. நடுவில் பிஎஸ் 5 கிடையாது, நாலிலிருந்து ஒரே தாவல். டீசல் கார் வெளியிடலாம் என்று இருந்த நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆக இறங்கியது. துகள் 25-லிருந்து 4.5 ஆனது. இதற்கு விலை உயர்ந்த சுத்திகரிப்புக் கருவிகள் வேண்டும். ரெனோ இந்தியாவில் டீசலையே கைவிட்டது. டஸ்டருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த 1.5 லிட்டர் டீசல் என்ஜின் அப்படித்தான் முடிந்தது. ஹூண்டாய் டீசலைத் தொடர்ந்தது, துகள் வடிகட்டியோடு.

இந்த வடிகட்டி, மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்பார்களே அது, நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பொருள். புகைக்குழாயில் தேன்கூடு போன்ற பீங்கான் அடைப்பு. கரி அதில் தங்கும். தங்கிய கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்குக் குழாய்க்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும், அது ஏற வேண்டுமானால் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். வீட்டிலிருந்து கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆர்.கே. பேட்டை வரை என்று குறுக்கும் நெடுக்குமாகவே ஓடும் வண்டியில் கரி எரியாமல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், செலவு வைக்கும். மாதத்துக்கு ஒருமுறையாவது சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவருக்கு டீசல் லாபம். மைலேஜ் கிடைக்கும் என்று மட்டும் எண்ணி உள்ளூர் ஓட்டத்துக்கு பிஎஸ் 6 டீசல் வாங்குவது வீண் வேலை. பிஎஸ் 4 காலத்துக் கிரெட்டாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பழைய மாடலுக்கு இன்றும் ஆள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மோதல் பாதுகாப்பில் தேதிகள் இன்னும் முக்கியம். 2017 அக்டோபருக்குப் பின் அறிமுகமான கார்களுக்கும், 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம். 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர் பேக், 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி, ரிவர்ஸ் சென்சார். முன்பக்க இரண்டு ஏர் பேக்கும் எல்லா மாடல்களுக்கும் கட்டாயமானது 2021-ன் கடைசியில்தான். அதற்கு முன்பு எப்படி இருந்தது? 2017-ல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர் பேக் இல்லாத அடிப்படை டஸ்டரை மோதவிட்டுப் பூஜ்யம் நட்சத்திரம் கொடுத்தது. ஓட்டுநர் ஏர் பேக் உள்ள டஸ்டருக்கு மூன்று. பெயரும் உடலும் ஒன்று, வாங்கிய வகை வேறு.

கிரெட்டாவுக்கும் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் தலைமுறை வண்டியை, இரண்டு ஏர் பேக் மட்டும் உள்ள அடிப்படை வகையில், 2022-ல் அதே அமைப்பு சோதித்தது. பெரியவர்களுக்கு மூன்று நட்சத்திரம், குழந்தைகளுக்கு மூன்று. உடற்கூடு நிலையாக இல்லை என்பதும் அறிக்கையில் இருந்தது. கூரை முழுவதும் கண்ணாடி வைக்கத் தெரிந்தவர்கள் இதையும் கவனித்திருக்கலாம். 2023-ல்தான் ஆறு ஏர் பேக்கும் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும் எல்லா வகையிலும் வந்தன. அப்போது தலைமுறை மாறவில்லை, முகம்கூட மாறவில்லை. அதனால் 2022 கிரெட்டாவும் 2023 கிரெட்டாவும் பக்கத்தில் நின்றால் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. உள்ளே உட்காருபவருக்கு நாலு பைகள் வித்தியாசம். ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு மாதம், வருடம் என்று ஒரு வரி இருக்கும். ஷேப்பைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் பார்க்க வேண்டும். பதிவு செய்த தேதியை நம்பக் கூடாது, டிசம்பரில் செய்த வண்டி ஏப்ரலில் பதிவாகியிருக்கும்.

மலைக்குப் போகாமல் இந்த வட்டாரத்தில் கார் பேச்சு முடியாது. ஒரு பக்கம் திருத்தணி, ஒரு பக்கம் சோளிங்கர், கொஞ்சம் தள்ளித் திருமலை. ஐந்து பேரும் பெட்டியுமாகத் திருமலைப் பாதையில் ஏறும்போது குதிரைத்திறனைவிட, குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் முறுக்குவிசைதான் உதவும். டீசலும் டர்போ பெட்ரோலும் இதில் தேர்ந்தவை. டர்போ இல்லாத 1.5 பெட்ரோல் முக்கி முனகினாலும் ஏறிவிடும், கியரைக் குறைக்கத் தயங்கக் கூடாது, அவ்வளவுதான். கவனிக்க வேண்டியது ஆட்டோமேட்டிக் வகைகளை. இரண்டாம் தலைமுறை டர்போவில் உள்ளது ஏழு கியர் டிசிடி. இதில் இரண்டு கிளட்ச், இரண்டும் எண்ணெயில் நனையாத உலர் வகை. ஓடும் சாலையில் வெண்ணெய் மாதிரி கியர் மாறும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், திருத்தணி மலையேற்றத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்ந்து சூடேறும். முன்னால் உள்ள வண்டி நகர்ந்து இடம் விட்டபின் மொத்தமாக ஏறுவது நல்லது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பது கூடவே கூடாது. 1.5 பெட்ரோலில் வரும் சிவிடி வகைக்கும் டீசலின் சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கும் இந்தத் தேய்மானம் இல்லை.

மின்சாரக் கிரெட்டாவுக்கு மலை இறங்குவது வரவு. பிரேக்கில் வீணாகும் வேகம் பாட்டரிக்குத் திரும்பும். 42, 51.4 யூனிட் கொள்ளளவில் இரண்டு பாட்டரிகள். அறிமுகத்தின்போது கம்பெனி சொன்ன தூரம் 390, 473 கிலோமீட்டர். சோதனைச்சாலைக் கணக்கு அது, குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். திருமலை போய்த் திரும்பச் சின்னப் பாட்டரியே தாராளம். ஆனால் அடித்தளம் பெட்ரோல் வண்டிக்காக வரையப்பட்டது, பாட்டரி பிறகு அதற்குள் பொருத்தப்பட்டது.

எக்கோஸ்போர்ட் வாங்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்ட இன்பமான வண்டி, உறுதியான உடல். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதனால் விலை இறங்கியிருக்கிறது. பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

எல்லை ஊர் என்பதால் ஒன்று. புத்தூர், நகரி பக்கம் ஏ.பி. நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கும். டெல்லியில் பத்து வருடம் ஓடி முடித்த டீசல் வண்டிகளும் இந்தப் பக்கம் வந்து சேருகின்றன. அங்குள்ள ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுக்கான வாழ்நாள் வரியையும் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.