நீரிணை வழி வரும் லூஃபெர்

இஸ்தான்புல்லின் தெருமுனை மீன் உணவகங்களில் பட்டியல் அட்டைக்கு அதிக வேலையில்லை. வாசலருகே ஐஸ் பரப்பி மீன்களை அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வசந்தத்தில் கல்கான், குளிர்காலத்தில் நம் நெத்திலிக்கு உறவான ஹம்சி, இலையுதிர் காலத்தில் பாலமுத் என்று பருவத்துக்கேற்ப மேடை மாறும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ஆண்டு முழுக்க ஏங்கிக் காத்திருப்பது லூஃபெருக்குத்தான்.

பொமடோமஸ் சால்டாட்ரிக்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். அந்தக் குடும்பத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனம். முதுகு பச்சை கலந்த நீலம், வயிறு வெள்ளி. கீழ்த்தாடை சற்றே முன்தள்ளியிருக்கும். தாடைகளில் ஒற்றை வரிசையாகக் கூர்மையான பற்கள். கூட்டமாகச் சிறுமீன்களுக்குள் பாய்ந்து, தின்பதைவிட அதிகமாகவே கடித்துப் போடும். நைலான் நரம்பைக்கூட அறுத்துவிடுவதால், தூண்டில் முள்ளுக்கு மேல் மெல்லிய கம்பி கட்டுகிறார்கள்.

இதே மீன் அட்லாண்டிக்கிலும் உண்டு, ஆஸ்திரேலியக் கரையிலும் உண்டு. இஸ்தான்புல்லில் மட்டும் அதற்கு இத்தனை மதிப்பு வரக் காரணம் பாஸ்பரஸ் நீரிணை. சுமார் 30 கி.மீ. நீளம், மிகக் குறுகிய இடத்தில் அகலம் 700 மீட்டர்தான். அதற்குள் இரண்டு ஓட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, எதிரெதிர்த் திசையில் போகின்றன. டான்யூப், நீப்பர் போன்ற பெரிய ஆறுகள் கருங்கடலில் கொட்டும் நன்னீரால் அங்கே நீர்மட்டம் உயர்ந்து, உப்பு குறைந்த நீர் மேலாகத் தெற்கே வழிகிறது. அடியில், அதைப்போல் இரு மடங்கு உப்புள்ள மத்தியதரைக் கடல் நீர், கனம் மிகுந்ததால் தாழ்ந்து வடக்கே நகர்கிறது. 1679ல் இஸ்தான்புல் வந்த இத்தாலியர் லூயிஜி மார்சிலி, வெள்ளை பூசிய தக்கைத் துண்டுகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். மேலே இருந்தவை ஒரு பக்கம் இழுபட்டன. ஆழத்தில் இருந்தவை எதிர்ப்பக்கம் திரும்பின. மீனவர்கள் முன்பே அறிந்திருந்த அடியோட்டத்துக்கு இப்படித்தான் அறிவியல் சான்று கிடைத்தது.

வசந்தத்தில் லூஃபெர் இந்த நீரிணை வழியே கருங்கடலுக்கு ஏறுகிறது. அங்கே ஏறக்குறைய 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. எனவே மீன்களெல்லாம் மேலடுக்கில்தான் வாழ்கின்றன. ஆறுகள் கொண்டுவரும் சத்தில் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று ஹம்சி பெருகுகிறது. கோடை முழுக்க அதை வேட்டையாடிய லூஃபெர், நீர் குளிரத் தொடங்கியதும் கொழுப்பேறிய உடலோடு மர்மரா கடலை நோக்கித் திரும்புகிறது. ஒரு பெருநகரத்தின் நடுவே, அந்தக் குறுகிய வாய்க்குள் கூட்டம் கூட்டமாக.

இஸ்தான்புல்லின் காதிகோய் பகுதியில் ஒரு சின்னக் கடையில் உள்ளூர் நண்பரோடு சாப்பிட்டது அந்தப் பருவத்தில்தான். மெஸே எனப்படும் சிறு தட்டுகளைப் பெரிய தாம்பாளத்தில் தூக்கிவந்து காட்டினார்கள். உப்பில் பதப்படுத்திய பாலமுத் துண்டுகளான லாகெர்தாவை எடுத்துக்கொண்டோம். நண்பர் தன் ராக்கியில் தண்ணீர் ஊற்றியதும் அது பால்போல் வெளுத்தது. சோம்பு இனத்து விதையின் எண்ணெய்ப்பொருள் மதுவில் கரையும், நீர் கூடினால் நுண்துளிகளாகப் பிரிந்துவிடும். பிறகு தணலில் சுட்ட லூஃபெர். ரோக்கா கீரை, பச்சை வெங்காயத் துண்டுகள், எலுமிச்சை, அவ்வளவுதான். மிருதுவான, கொழுப்பூறிய சதை. அதன்மேல் மிளகாயும் மல்லியும் தடவினால் பாவம் என்றே எனக்குத் தோன்றியது.

மீனைச் சொல்வதற்கு முன் நண்பர் பரிமாறுபவரிடம், “எத்தனை சென்டிமீட்டர் அண்ணா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு போராட்டமே இருக்கிறது. இந்த ஒரே மீனை வளர வளர வேறு பெயரில் விற்கிறார்கள்: 20 செ.மீ. அளவுக்குள் சினெகோப், அதற்கு மேல் சாரிகனாத், பிறகு லூஃபெர், 35ஐத் தாண்டினால் கொஃபானா. தனித்தனி மீன் போலத் தோன்றுவதால், சினெகோப் தின்பவர் குஞ்சைத் தின்பதாக நினைப்பதில்லை. ஆனால் சுமார் 25 செ.மீ. ஆகும்போதுதான் அது முட்டையிடும் பருவத்தை அடைகிறது. சட்டம் நெடுநாள் 14 செ.மீ. மீனையே பிடிக்க விட்டிருந்தது. ஸ்லோ ஃபுட் குழுவினரும் கிரீன்பீஸும் நடத்திய இயக்கங்களுக்குப் பிறகு 2011ல் அது 20 ஆனது. பின்னர் 18க்கு இறக்கப்பட்டது. ஒருமுறைகூட இனம் பெருக்காத மீனைப் பிடிக்க இதுவும் அனுமதிதான், இது தவறு.

இழுவை மடிக்கும் சுருக்குமடிக்கும் நம் கிழக்குக் கரையைப் போலவே அங்கும் ஏப்ரல் 15 அன்று தடைக்காலம் தொடங்குகிறது. அங்கே அது ஆகஸ்ட் முடிய நீள்கிறது. ஆனால் செப்டம்பர் பிறந்ததும், மீன்கூட்டத்தைக் கருவியால் கண்டறியும் பெரிய படகுகள் கூட்டத்தையே வளைத்துவிடும். அந்த வலைக்கு முழு மீனும் குஞ்சும் ஒன்றுதான். சிறியதை யாரும் வாங்காவிட்டால்தான் அதன் விலை விழும். இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் நீளத்தைக் கேளுங்கள். 25க்குக் குறைந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பாலமுத் கேளுங்கள். அதுவும் அதே நீரிணை வழியாக, அதே பருவத்தில் வருவதுதான்.