கல்லாவில் அமர்ந்தே இறுகும் இடுப்பு

காலை 6 மணிக்குக் கடை திறந்து கல்லாவில் அமர்ந்தால், இரவு சாத்தும்வரை எழ நேரமில்லை என்பதே நம் வணிகர்களில் பலரின் நிலை. இரவு எழும்போது இடுப்பு உடனே நிமிர்வதில்லை. நாலு எட்டு குனிந்தபடி நடந்த பிறகே நிமிர்கிறோம். மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று முதுகில் தைலம் தேய்க்கிறோம். மூட்டையே தொடாத முதலாளிக்கும் இது வருகிறதே!

பிடிப்பு முன்புறத்திலும் இருக்கலாம். கீழ் முதுகெலும்பின் இருபுறமும் தொடங்கி, இடுப்பின் முன்பக்கமாக இறங்கித் தொடை எலும்பின் உட்புறத்தில் சேரும் தசை, காலை மடக்கித் தூக்க உதவுவது. நாம் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் அது குறுகியே இருக்கிறது. இறுகிவிட்டால், நிற்கும்போது முதுகெலும்பை முன்னோக்கி இழுக்கும். முதுகில் தேய்க்கும் தைலம் அதுவரை எட்டாது.

வீட்டிலேயே அதை நீட்டிவிடலாம். மடித்த துண்டின் மேல் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தை முன்னே வைத்து, சுவரைப் பிடித்துக் கொள்ளுங்கள். வலது பிட்டத்தை இறுக்கி, அடிவயிற்றை உள்ளிழுத்து, உடலை நேராகவே வைத்துச் சிறிது முன்னே நகருங்கள். வலது தொடையின் மேற்பகுதியில் இழுவை தெரியும். 30 விநாடி நின்று, கால் மாற்றிச் செய்யுங்கள். பக்கத்துக்கு 3 முறை போதும். பலர் அவசரத்தில் முதுகை வளைத்துப் பின்னால் சாய்கிறார்கள். அப்போது இழுவை முழுவதும் முதுகில் விழுகிறது, செய்யாமலிருப்பதே மேல்.

மூட்டுவலிக்காரர்கள் முழங்காலை ஊன்ற வேண்டாம். கட்டிலின் கால்மாட்டு விளிம்பில் பிட்டம் இருக்குமாறு மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்து, மறுகாலைத் தொங்கவிடலாம். பலகைக் கட்டில் நல்லது. கயிற்றுக் கட்டில் தொய்ந்துவிடும்.

ஒரே நாளில் பலன் கேட்கக் கூடாது. சில வாரங்கள் தவறாமல் செய்ய வேண்டும். பகலெல்லாம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு இரவில் மட்டும் நீட்டினால் பயன் குறைவு. கடைப் பையன் எடுக்கட்டும் என்றிராமல், அரைமணிக்கொருமுறை நாமே எழுந்து ஒரு பொருளை எடுத்துக் கொடுக்கலாம்.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதோடு சிறுநீரும் கட்டுப்படவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடையை மற்றவர் பார்த்துக்கொள்வார்கள்.