சாதி நாயா, லயத்து நாயா?

பாடசாலை விடுமுறை தொடங்கிய மறுநாள் நம் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. நாய்க்குட்டி ஒன்று வளர்க்க வேண்டும் என்பதில் பிள்ளைகள் இருவரும் ஒரே கட்சி. எத்தகைய குட்டி என்பதிலேதான் பிணக்கு. மூத்தவன், கொழும்பில் ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த அல்சேஷன் குட்டியின் படத்தைக் காட்டி, "இதுதான் சாதி நாய்" என்றான். இளையவளோ, ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், பிள்ளை மடுவத்தின் பின்புறம் உரச்சாக்கில் கட்டி எறியப்பட்டுக் கிடந்த மூன்று குட்டிகளைத் தன் தோழி எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். "மூன்றும் பெட்டை, அப்பா. அதனால்தான் எறிந்துவிட்டார்கள்" என்றாள். அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது.

இவ்வழக்கில் நாமும் குற்றமற்றவரல்லர். சில ஆண்டுகளுக்கு முன் விலை கொடுத்து ஒரு குட்டி வாங்கினோம். தாயைக் காட்டும்படி கேட்கவில்லை, வயதை விசாரிக்கவில்லை. பஞ்சு போன்ற மயிரையும் விற்றவரின் பேச்சையும் நம்பி, ஒரு பெட்டியில் இட்டு மலையேற்றிக் கொண்டுவந்தோம். ஐந்தாம் நாள் அது உணவை வெறுத்தது. இரத்தக் கழிச்சல் கண்டது. எட்டாம் நாள் இறந்தது. பார்வோ என்னும் வைரசு நோய் என்றார் மிருக வைத்தியர். 1978 அளவில் உலகெங்கும் பரவிய அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. நம் குட்டிக்கு அது போடப்பட்டிருக்கவில்லை. விற்றவர்மீது சினம் வந்தது உண்மையே. ஆயினும், கேட்க வேண்டியதைக் கேளாமல் வாங்கியவர் நாமன்றோ?

மலைநாட்டில் இவ்வினாவுக்கு ஒரு வரலாறும் உண்டு. சீமை நாய்கள் இங்கு வெள்ளையரோடு வந்தவை. 1904 இல் அரசாங்க உத்தியோகத்துக்காக இலங்கைக்கு வந்த லெனாட் வூல்ஃப், வோல்டேயரின் 90 நூற்றொகுதிகளையும் ஒரு நாயையும் தம்முடைமையாகக் கொண்டுவந்தார். தோட்டத்துரைமாரும் நாய்ப்பிரியரே. பங்களா நாய்க்குப் பெயரும் கழுத்துப்பட்டியும் தனி உணவும் இருந்தன. லயத்து நாயோ எஞ்சிய சோற்றில் வளர்ந்து, கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களுடன் மலையேறி, மாலையில் அவர்களோடு திரும்பியது. இவ்வாறு சாதி நாய் பங்களாவின் அடையாளமாயிற்று. வெள்ளைத் துரைமார் போய்விட்டனர். அந்த ஆசை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. மனிதரிடையே சாதி கூடாதென்று வகுப்பறையில் பேசும் நாம் அதனை நாயிடம் தேடுவது வேடிக்கைதான்.

நாயின் சாதி என்பதுதான் யாது? குறித்த ஓர் உருவத்தை வேண்டி, நெருங்கிய உறவுக்குள்ளேயே பல தலைமுறைகள் இணைசேர்த்துப் பெற்ற பயன் அது. அழகோடு குறையும் கூடவே வருகிறது. அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு. தட்டை முகமுடைய பக் நாய்க்கு மூச்சுத் திணறல். முதுகு நீண்ட டாஷண்டுக்கு முள்ளந்தண்டு நோவு. 2005 இல் இந்திய அஞ்சல் முத்திரையில் இடம்பெற்ற பெருமைக்குரிய இராசபாளையம் நாயிலும் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. கலப்பில் பிறந்த நாட்டு நாய்க்கு நோயே வராது என்பதன்று. இத்தகைய பரம்பரைக் குறைகள் அதனிடம் பொதுவாகக் குறைவு.

அப்படியாயின் விலைக்கு வாங்குவது பாவமா? அன்று. நாயைப் பேணி வளர்த்து, தாயையும் குட்டியையும் திறந்த மனத்தோடு காட்டும் நல்லவர்களும் உளர். வாங்குவோர் தாயை நேரில் பார்க்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை ஏற்கக் கூடாது. தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். மறுப்பவரிடமிருந்து வெறுங்கையோடு திரும்புவதே அறிவுடைமை. முழு வளர்ச்சியடைந்த அல்சேஷன் 30 கிலோ அளவு நிறையுடையது. அது ஓடியாட லயக் காம்பராவில் இடமேது என்பதையும் எண்ண வேண்டும்.

எறியப்பட்ட குட்டியை எடுத்து வளர்ப்பது இலவசம் என்று நினைப்பதும் தவறே. 1973 இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் மாண்டனர். தடுப்பு முயற்சிகளின் பயனாய் அத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்துள்ளது. தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் 2006 இல் கைவிட்டது. நோயைத் தடுப்பது கொலையன்று, ஊசியே. அவ்வூசி அரசாங்க முகாம்களில் இலவசமாகப் போடப்படுகிறது. எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது மிக அரிது.

தேயிலை மலைகளில் மற்றுமோர் ஆபத்தும் உண்டு. மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கங்களில் இரவில் லயங்களை நெருங்கி வரும் சிறுத்தைக்கு, வெளியே கட்டிவைத்த நாய் எளிய இரை. பொழுது சாய்ந்ததும் நாயை வீட்டினுள் சேர்ப்பது நாய்க்கும் நலம், மனிதருக்கும் நலம், சிறுத்தைக்கும் நலம்.

எல்லாவற்றிலும் மேலானது கருத்தடைச் சத்திரசிகிச்சை. பெட்டை நாய் ஆண்டுக்கு இருமுறையும் ஈனக்கூடும். ஒவ்வொரு முறையும் நான்கைந்து குட்டிகள். அவற்றுக்குச் சோறிடத் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் இடமில்லை. உரச்சாக்கைத் தூக்கிச் சென்ற கை கொடிய கையென்று நாம் சொல்லோம். வழி தெரியாத கை அது. வழியைக் காட்டினால் சாக்குக்கு வேலையில்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல். நாய் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று குட்டி வேண்டுமென்று கெஞ்சும் நீங்கள் நாளை பல்கலைக்கழகத்துக்கோ கொழும்பு வேலைக்கோ போய்விடுவீர்கள். அதற்குச் சோறு வைப்பது அம்மாவின் தலையில் விழும். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு வீட்டார் அனைவரும் உடன்பட்ட பின்னரே, எங்கிருந்து பெறுவது என்னும் கேள்வி எழ வேண்டும். அவ்வாறு உடன்பட்டவர்கள், புதிதாய் ஒரு குட்டியைத் தேடிக் கொழும்புக்குச் செல்லுமுன், நம் வாசலிலேயே பிறந்து வழியற்றுக் கிடப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லட்டும்.

நம் வீட்டு வழக்கு எப்படி முடிந்தது? மூன்றில் ஒன்றைத் தோழி வீட்டார் வைத்துக்கொண்டனர். மற்றொன்றைக் கடைக்காரர் ஒருவர் ஏற்றார். செவலை நிறத்துக் குட்டி நம்மிடம் வந்தது. மூத்தவன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்பொழுதோ, பனி இறங்கும் மாலையில் அதைத் தேடி அழைத்து, துவாயால் கால் துடைத்து உள்ளே சேர்ப்பவன் அவனே.

தான் எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும், தலைவனைக் கண்டு வால் குழைக்கும் நாயைப் போன்றவரையே நண்பராகக் கொள்ள வேண்டும் என்று நாலடியார் அறிவுறுத்துகிறது. அந்த நாய் எந்தச் சாதி என்று அந்நூல் சொல்லவில்லை.