தகரக் கூரைக்கு எந்த வண்ணம்?

கம்பம் பள்ளத்தாக்கில் ஓலை வேய்ந்திருந்த வீடுகள் பலவற்றின்மேல் இன்று தகரம் ஏறிவிட்டது. ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியே சீறிவரும் காற்றும் சாரலும், ஐப்பசியில் அடைமழையும், சித்திரையில் கடும் வெயிலும் அதைத் தாக்குகின்றன. 'எந்தக் கம்பெனி வண்ணம் நீடித்து உழைக்கும்?' என்று நம் குடும்பத் தலைவர்கள் நம்மிடம் வினவுகின்றனர். கம்பெனியின் பெயர் இரண்டாவது கேள்வியே. அடியில் இருக்கும் உலோகம் எது என்பதே முதற்கேள்வி.

நாம் தகரம் என்றழைப்பது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடேயாகும். நெளிதகட்டுக்கு இலண்டனில் ஹென்றி பால்மர் என்பவர் 1829-இல் காப்புரிமை பெற்றார். இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்குப் பிரான்சு நாட்டுச் சொரேல் 1837-இல் உரிமை பெற்றார். துத்தநாகம் தான் அரிபட்டு, இரும்பைத் துருவினின்று காக்கிறது. ஆனால் இதே துத்தநாகத்துக்கும் எண்ணெய் கலந்த எனாமல் பெயிண்டுக்கும் ஒத்துவராது. பெயிண்டிலுள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து, சவர்க்காரம் போன்றதொரு மெல்லிய படலத்தை இடையே உண்டாக்கிவிடும். பிடிப்பற்றுப்போன வண்ணம் பாளம் பாளமாக உரிந்துவிடும். புதுத்தகட்டில் நேரே எனாமலை அடித்துவிட்டு, 'கலப்படப் பெயிண்டு விற்றுவிட்டான்' என்று கடைக்காரரை ஏசுவோர் பலர். பாவம், அவர்மேல் குற்றமில்லை.

ஆகவே புதுத்தகடாயின், அதன்மேலுள்ள எண்ணெய்ப் பசையைச் சோப்புநீரால் கழுவி உலர்த்தி, துத்தநாகத் தகட்டுக்கென்றே விற்கப்படும் பிரைமரை முதலில் பூச வேண்டும். அதன்மேல் வெளிப்புறத்துக்குரிய அக்ரிலிக் வண்ணம் இருமுறை. துருவேறிய பழைய தகடாயின், கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, இரும்பு வெளிப்பட்ட இடங்களில் அன்றே ரெட் ஆக்சைடு ஜிங்க் பாஸ்பேட் பிரைமரைப் பூசிவிட வேண்டும். ஓர் இரவுப் பனி போதும், துரு மீண்டும் எட்டிப் பார்க்க. போல்ட்டுகளைச் சுற்றியும் தகடுகள் ஒன்றன்மேலொன்று படியும் ஓரங்களிலுமே துரு பெரும்பாலும் தொடங்குகிறது. அங்கே கை இருமடங்கு உழைக்கட்டும்.

இராமேசுவரத்துக்குச் செல்வோர் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தைக் கண்டிருப்பர். கடற்காற்றைத் தாங்குவதற்காக அதன் இரும்புக்குப் பாலிசிலாக்சேன் என்னும் விலையுயர்ந்த பூச்சு இடப்பட்டுள்ளது. நம் பள்ளத்தாக்கில் உப்புக்காற்று இல்லை. நமக்கு அத்துணைச் செலவு வேண்டியதில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை நாம் வெண்மையையே பரிந்துரைப்போம். பளபளக்கும் வெறுந்தகடும் அலுமினியப் பெயிண்டும் வெயிலைத் திருப்பினாலும், உள்வாங்கிய வெப்பத்தை எளிதில் வெளிவிடுவதில்லை. வெள்ளை வண்ணம் இரண்டையும் செய்கிறது. தகரத்தின்கீழ் நண்பகலில் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கு இவ்வேறுபாடு பெரிது. ஆமதாபாத்திலும் தெலங்கானாவிலும் அரசே இத்தகைய குளிர்கூரைகளை ஊக்குவிக்கிறது.

இன்னொன்று, ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என 2016-ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்துள்ளன. அதற்கு முந்திய பழைய வண்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துத் தேய்த்து, சுரண்டலைத் திரட்டி அகற்றுக. குழந்தைகளை அப்பால் அனுப்பிவிடுக.

கிறிஸ்து பிறப்புக்கு முன் வண்ணமடிப்பதே நம்மவர் வழக்கம். மார்கழிப் பனியில் ஈரத் தகட்டின்மேல் வண்ணம் பற்றாது. மாசி, பங்குனியே உகந்த காலம். அப்போதும் காலைப்பனி உலர்ந்தபின் தொடங்கி, தகடு கையைச் சுடுமுன் நிறுத்திவிட வேண்டும். மேலேறுபவர் தகட்டின் நடுவில் காலை வைக்காமல், சட்டங்களுக்குக் குறுக்காகப் பலகையிட்டு அதன்மேல் நிற்கட்டும்; காற்று மிகும் நாளில் ஏறவே வேண்டாம்.