நெஞ்சு வலிக்கு சோடாவா?

ஞாயிற்றுக்கிழமை. கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை. ஓடையில் ஆசை தீரக் குளித்துவிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரிக்கிறீர்கள். அப்பா மட்டும் பாறை மேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறார். முகமெல்லாம் வியர்வை. இடது கையும் வலிக்கிறதாம்.

"வெறும் கேஸ்தாங்க. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்கிறார் பக்கத்தில் ஒருவர். இந்த சோடா வைத்தியத்தில் போன உயிர்கள் கொஞ்சமா என்ன?

திருச்சி அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். முதலில் 108-க்கு போன் செய்யுங்கள். அப்பாவை நடக்க விடாதீர்கள். அடுத்து, போனில் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டு ஆஸ்பிரின் கொடுங்கள். ஆமாம், அந்தப் பழைய தலைவலி மாத்திரையேதான்! 300 மில்லிகிராம் வேண்டும். 75 மில்லிகிராம் மாத்திரை என்றால் நான்கு. அப்படியே விழுங்காமல் கடித்து மென்றால் மருந்து சீக்கிரம் ரத்தத்தில் சேரும்.

இதய ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு வெடித்தால், அங்கே தட்டணுக்கள் திரண்டு ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும். அதுதான் மாரடைப்பு. ஆஸ்பிரின் அந்த ஒட்டுதலைத் தடுக்கிறது. 17,187 நோயாளிகளை வைத்துச் செய்த 'ஐஸிஸ்-2' ஆய்வு 1988-ல் வெளியானது. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 23 சதவீதம் குறைவு. ஒரு டீ விலைகூட இல்லாத மாத்திரை!

"கையில மாத்திரை இல்லையே சார்?" 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதலுதவியாகத் தருகிறார்கள். வலி குறைந்துவிட்டாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்களுக்கும் அல்சரில் ரத்தம் கசிபவர்களுக்கும் இது ஆகாது. வாய் கோணி, கை கால் இழுத்துக்கொண்டால் தொடவே கூடாது. மூளையில் ரத்தக் கசிவாக இருந்துவிட்டால் விபரீதம்.

"அப்படின்னா நாங்களும் தினம் ஒண்ணு போட்டுக்கலாமா?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். 'ஆஸ்ப்ரீ' ஆய்வு முடிவுகள் 2018-ல் வெளிவந்தன. பெரும்பாலும் 70 வயது தாண்டிய ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வு அது. இதயத்துக்குச் சொல்லும்படி லாபமில்லை. ரத்தக் கசிவுதான் கூடியது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கதை வேறு. அவர்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை, பல் பிடுங்க வேண்டும் என்பதற்காகக்கூட இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.