நிற்கும் காரில் அரை மணி நேரம்

மேலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் போய்க்கொண்டிருந்தேன். மைத்துனரின் கார், அன்றுதான் முதல்முறையாகக் கையில் எடுத்தது. பொழுது சாயும் நேரத்தில் சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போடுவதற்காக ஸ்டீயரிங்கின் இடப்பக்கக் குச்சியைத் தட்டினேன். வைப்பர் அசையவில்லை, இடது இண்டிகேட்டர் மின்னத் தொடங்கியது. நான் ஓரம் ஒதுங்குகிறேன் என்று நம்பிய லாரிக்காரர் ஹார்னை அழுத்திக்கொண்டு வலப்பக்கம் ஏறி வந்தார். கண்ணாடியில் தண்ணீர், பக்கத்தில் லாரி, எனக்கு எந்தக் குச்சி எதற்கு என்று தெரியவில்லை. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தை வீட்டு வாசலிலேயே செலவழித்திருக்கலாம்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகர்ந்துவிடும். ஒரு பொத்தானைத் தேடி மூன்று நொடி குனிந்தால், 50 மீட்டர் சாலையை நாம் பார்க்கவே இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச்சும் கியரும் பழகிக் கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். சொந்தக் காரில் அது கிடையாது. ஆகவே புதிதோ பழையதோ, ஒரு கார் கைக்கு வந்ததும் அதை ஓட்டுவதற்கு முன் நிறுத்தி வைத்தே அரை மணி நேரம் படித்துவிடுங்கள். கியர் போட்டு ஓட்டும் பெட்ரோல் காரை மனத்தில் வைத்து, வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் உடம்பு உட்காரட்டும்

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடது காலால் கிளட்ச்சை அடிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட்டை முன்னே இழுங்கள். முதுகைச் சாய்மானத்தில் வைத்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் வளைவில் படிய வேண்டும். தலைச் சாய்மானத்தின் நடுப்பகுதி காது உயரத்துக்கு வரட்டும்.

கண்ணாடிகளை இதற்குப் பிறகுதான் தொட வேண்டும். சீட்டை நகர்த்தினால் கண்ணாடிக் காட்சியும் மாறிவிடும். உள் கண்ணாடியில் பின்பக்கச் சாளரம் முழுதாகத் தெரிய வேண்டும். வெளிக் கண்ணாடிகளில் நம் காரின் பக்கவாட்டு ஒரு கீற்றளவு தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் சாலை. உள் கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். இரவில் பின்னால் வருபவர் பிரைட் போட்டுக் கண்ணைக் கூசவைத்தால் அதைத் தட்டிவிடுங்கள், ஒளி மங்கிவிடும்.

2. காலுக்குப் பாடம்

வலமிருந்து இடமாக ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச். முதல் இரண்டும் வலது காலுக்கு, கிளட்ச் மட்டும் இடது காலுக்கு. வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் பாதத்தை மாற்றி மாற்றித் திருப்பிப் பாருங்கள். குனிந்து பார்க்காமல் இருபது முறை செய்தால் கால் தானாகத் தடம் பிடித்துக்கொள்ளும். பெடலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் உருண்டு வந்துவிடாமலும், மிதியடி மடங்கிச் செருகிக்கொள்ளாமலும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

3. கைக்குப் பாடம்

ஜப்பானிய, கொரிய வழியில் வந்த கார்களில், அதாவது மாருதி, ஹூண்டாய், டொயோட்டா போன்றவற்றில், நம் ஊரில் இண்டிகேட்டர் வலப்பக்கக் குச்சியிலும் வைப்பர் இடப்பக்கக் குச்சியிலும் இருப்பதே வழக்கம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இது தலைகீழ். எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு விதி மாறாது: ஸ்டீயரிங்கை எந்தத் திசையில் சுழற்றப் போகிறீர்களோ, குச்சியையும் அதே திசையில் தள்ளினால் அந்தப் பக்க விளக்கு மின்னும்.

பல கார்களில் இண்டிகேட்டர் குச்சியின் நுனியைத் திருகினால் முதலில் சிறு விளக்கு, அடுத்துப் பெரிய விளக்கு. குச்சியை அழுத்தினாலோ இழுத்தாலோ டிம்மும் பிரைட்டும் மாறும். வைப்பர் குச்சியை நம் பக்கம் இழுத்தால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும். காய்ந்த கண்ணாடியில் வெறும் வைப்பரை ஓட்டாதீர்கள். புழுதி கண்ணாடியைக் கீறிவிடும்.

அடுத்தது கியர். கைப்பிடியின் தலையில் படம் போட்டிருக்கும். ரிவர்ஸ் எங்கே என்பதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பல மாருதி கார்களில் அது வலப்பக்கம் கீழே, ஐந்தாம் கியருக்கு நேர் கீழ். பல ஹூண்டாய் கார்களில் இடப்பக்கம் மேலே, முதல் கியருக்குப் பக்கத்தில். கைப்பிடிக்குக் கீழுள்ள வளையத்தைத் தூக்கினால்தான் விழும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறினால், சுவரை ஒட்டி நிறுத்திய இடத்தில்தான் இந்த வேறுபாட்டை உணர்வார்.

கடைசியாக, நடுவில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தான். நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும். நாற்சந்தியில் ‘நான் நேராகப் போகிறேன்’ என்று சொல்ல இதைப் போடும் வழக்கம் நம்மூரில் இருக்கிறது; தவறான வழக்கம். ஓரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பக்க விளக்குதான் தெரியும், நீங்கள் திரும்புகிறீர்கள் என்றே நினைப்பார். மழையில் இதைப் போட்டுக்கொண்டு ஓடினால், உண்மையிலேயே திரும்பும்போது காட்ட இண்டிகேட்டர் இருக்காது. பழுதாகி நின்ற வண்டிக்கு உரிய விளக்கு இது.

இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ‘வைப்பர், ஹார்ன், டிம், வலது இண்டிகேட்டர்’ என்று சொல்லச் சொல்லி, கையை மட்டும் கொண்டுபோய்த் தொடுங்கள். தடுமாறாமல் தொட முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

4. சாவியைப் பாதி திருப்பி நிறுத்துங்கள்

சாவி திரும்ப மறுத்தால் பழுது என்று பதறாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டியபடி திருப்பினால் விட்டுக்கொடுக்கும். சாவியில் பொதுவாக நான்கு நிலைகள்: பூட்டு, ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் மின்சாரம், எல்லாவற்றுக்கும் மின்சாரம், ஸ்டார்ட். நமக்கு வேண்டியது மூன்றாவது. பொத்தான் ஸ்டார்ட் உள்ள காரானால், பெரும்பாலானவற்றில் கிளட்ச்சை மிதிக்காமல் இரண்டு முறை அழுத்தினால் இந்த நிலை வரும்.

இப்போது டேஷ்போர்டு தீபாவளிபோல் எரியும். அத்தனை விளக்கும் எரிவது கோளாறு அல்ல. ‘நாங்கள் உயிரோடு இருக்கிறோம்’ என்று அவை கொடுக்கும் ஆஜர். சில நொடிகளில் ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் அணையும். ஆயில், பேட்டரி, என்ஜின் விளக்குகள் வண்டி ஸ்டார்ட் ஆன பிறகே அணையும்.

எரிந்து அணையாத விளக்கைப் போலவே எரியவே எரியாத விளக்கும் சந்தேகத்துக்குரியது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என்ஜின் விளக்கோ ஏர்பேக் விளக்கோ இந்த ஆஜருக்கு வரவில்லை என்றால், பல்பு போயிருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் கோளாறை மறைக்க யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம். கிலோமீட்டர் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் சொல்ல, கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து வழுக்கினால், ரப்பரை நம்புங்கள்.

5. நிறத்தைப் படியுங்கள், பிறகு படத்தை

விளக்குப் படங்கள் பெரும்பாலும் உலகமெங்கும் ஒன்றே, ஐ.எஸ்.ஓ. 2575 என்ற சர்வதேசத் தரம் அவற்றுக்கு இருக்கிறது. எல்லாப் படங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், நிறமே பாதி சொல்லிவிடும். பச்சையும் நீலமும் தகவல். மஞ்சள், சீக்கிரம் கவனி என்பது. ஓடும்போது எரியும் சிவப்பு, நிறுத்து என்பது.

நீலத்தில் ஒன்று முக்கியம்: பிரைட் எரிகிறது என்று காட்டும் விளக்கு. எதிரில் வண்டி வரும்போது அது எரிந்துகொண்டிருந்தால், எதிராளியின் கண்ணை நீங்கள் பறித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சிவப்பில் நான்கை மட்டும் நெஞ்சில் நிறுத்துங்கள். முதலாவது, சொட்டு வடியும் எண்ணெய்க் குடுவை. இது ஆயிலின் அளவைச் சொல்வதல்ல, அழுத்தத்தைச் சொல்வது. ஓடும்போது எரிந்தால் என்ஜினின் உள்ளுறுப்புகள் எண்ணெய்ப் படலம் இல்லாமல் இரும்போடு இரும்பாக உரசத் தொடங்கியிருக்கலாம். ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டினால் என்ஜினையே பிரிக்க வேண்டி வரும். ஓரம் கட்டி உடனே அணையுங்கள்.

இரண்டாவது, பேட்டரிப் படம். பேட்டரி செத்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அதற்குச் சார்ஜ் ஏறவில்லை. ஆல்டர்னேட்டரோ அதை ஓட்டும் பெல்ட்டோ காரணமாக இருக்கலாம். பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் கொஞ்ச தூரம் ஓடும். பல கார்களில் அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் ஓட்டுவதால், என்ஜின் சூட்டின் மீது ஒரு கண் இருக்கட்டும்.

மூன்றாவது, தண்ணீர் அலைமேல் நிற்கும் தெர்மாமீட்டர். என்ஜின் கொதிக்கிறது. ஏசியை அணைத்து, நிறுத்தி, ஆற விடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். முன்பெல்லாம் இதற்கு ஒரு முள் இருந்தது. இப்போது பல சின்ன கார்களில் அது கிடையாது. குளிர்ந்திருந்தால் நீலம், கொதித்தால் சிவப்பு, அவ்வளவுதான்.

நான்காவது, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. ஹேண்ட் பிரேக்கை இறக்க மறந்தாலும் எரியும், பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிய பிறகும் அணையவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

மஞ்சளில் என்ஜின் வடிவ விளக்கு ஒன்றுதான் எல்லோரையும் குழப்புவது. நிலையாக எரிந்தால் நிதானமாக மெக்கானிக்கிடம் போகலாம். விட்டு விட்டு மின்னினால், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் நிறுத்திவிடுங்கள்.

6. முட்கள் சொல்லும் கணக்கு

ஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின் சுற்று காட்டும் மீட்டரில் உள்ள எண்ணை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். சூடேறிய பெட்ரோல் என்ஜின் சும்மா நிற்கையில் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை இருக்கும். சாதாரண ஓட்டத்தில் 2,000 தாண்டியதும் அடுத்த கியருக்குப் போகலாம். சிவப்புக் கோடு என்ஜினின் எல்லை.

காந்தத்தால் இயங்கும் வேகமானிக்கு 1902இல் பெர்லினில் காப்புரிமை பெற்றவர் ஓட்டோ ஷுல்ட்சே. சக்கரத்தின் சுழற்சியை ஒரு கேபிள் காந்தத்துக்குக் கொண்டுபோக, காந்தம் முள்ளை இழுக்கும். இன்று அந்த வேலையைச் சென்சார்கள் செய்கின்றன. ஐ.நா.வின் வாகன விதிப்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். செல்போன் வரைபடம் 76 என்று சொல்லும்போது மீட்டர் 80 காட்டுவது இதனால்தான். இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாரான கார்கள் 80ஐத் தாண்டினால் விட்டு விட்டு ஒலிக்கும், 120ஐத் தாண்டினால் ஓயாமல் ஒலிக்கும். அந்த ஒலி எரிச்சலாகத்தான் இருக்கும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில் பங்க் படமும், பெரும்பாலான கார்களில் ஒரு சிறு அம்புக்குறியும் இருக்கும். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்பதை அது காட்டுகிறது. ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மொய்லன், 1986இல் பங்க்கில் காரைத் தவறான பக்கம் நிறுத்தி, இறங்கி மழையில் நனைந்த எரிச்சலில் இந்த யோசனையை எழுதிக் கொடுத்தார். அந்த முள் அடிமட்டத்தைத் தொடும்வரை ஓட்டுவது நல்லதல்ல. டேங்க்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான்.

7. ஏசி, கண்ணாடிப் பனி

உள்காற்றையே சுற்றவிடுவதற்குக் காருக்குள் வளைந்த அம்பு போட்ட பொத்தான். லாரிப் புகைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இது உதவும்; நெடுந்தூரப் பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றையும் விடுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் சொக்கும்.

மழையில் முன் கண்ணாடி மங்கினால் முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். விரல் பட்ட இடம் தெளிந்தால் ஈரம் உள்பக்கம்: விசிறி வடிவக் கண்ணாடி போட்ட பொத்தானை அழுத்தி, ஏசிக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், காற்றிலுள்ள ஈரத்தை ஏசி உறிஞ்சிவிடும். தெளியாவிட்டால் ஈரம் வெளிப்பக்கம்: ஏசிக் குளிரில் கண்ணாடி சில்லிட்டுப்போனதால் வந்தது. வைப்பரை ஒருமுறை ஓட்டி, ஏசிக் குளிரைக் குறையுங்கள். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டிய அவசியமில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகு பெல்ட்டைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். அடுத்த ஒரு வாரத்தில், இரவு ஒருமுறையும் மழையில் ஒருமுறையும் காரை நிறுத்தியபடியே மூன்றாம் பாடத்தைத் திரும்பச் செய்யுங்கள்.

காரை இரவல் கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாவியை நீட்டும்போது மூன்று விஷயங்களை வாயால் சொல்லிக் கொடுங்கள்: இண்டிகேட்டர் எந்தப் பக்கம், ரிவர்ஸ் எப்படி விழும், டேங்க் மூடி எந்தப் பக்கம். என் மைத்துனர் அன்று ‘பார்த்துப் போங்க மாமா’ என்று மட்டும்தான் சொன்னார்.